சார் வால், மேடம் வால்

நான் படித்தது விமானப் பொறியியல். வேலை பார்ப்பது கார் சீட் செய்யும் தொழிற்சாலையில். காஞ்சிபுரத்திலிருந்து காலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போவேன். மனிதர்கள் உட்கார்ந்தால் சீட் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்புவேன். சொந்தக்காரர்கள் மட்டும் இன்னும் விடவில்லை. கல்யாண வீட்டில் என்னை யாருக்காவது காட்டும்போது "ஏரோப்ளேன் இன்ஜினியர்" என்பார்கள். நானும் மறுத்ததில்லை.

ஏனாத்தூர் பக்கம் நான் படித்த கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் போன் செய்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை. மாணவர்கள் சின்னதாக ஒரு மாதிரி விமானம் செய்து ஒரு போட்டிக்குப் போகிறார்களாம். பழைய மாணவர்கள் யாராவது வழிகாட்டியாக வந்தால் நன்றாக இருக்குமாம். என் வகுப்பில் படித்த நண்பனுக்கும் அதே போன் போயிருந்தது. அவன் திருப்பருத்திக்குன்றத்துக்காரன். வீட்டில் உட்கார்ந்தபடி ஏதோ வெளிநாட்டு வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறான். படித்து முடித்தபின் அவன் விமானத்தைத் தொட்டதெல்லாம் டிக்கெட் வாங்கி ஏறியபோதுதான். ஆனாலும் இரண்டு பேரும் அந்த சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றோம்.

அணியில் நான்கு பேர். கேப்டன் வாலாஜாபாத்திலிருந்து ரயிலில் வந்து போகும் மூன்றாம் வருஷப் பெண். அதிகம் பேசமாட்டாள். எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்பாள். ரிமோட்டில் விமானத்தை ஓட்டப்போகிற பையனை எல்லோரும் பைலட் என்றே கூப்பிட்டார்கள். பட்டு நெசவு வீட்டுப் பிள்ளை. கை நடுங்காது, வாய் நிற்காது. மற்ற இருவரில் ஒருத்தி கணக்குப் போடுவாள், இன்னொருவன் ஒட்டுவான்.

நண்பனும் நானும் மாறி மாறி ஒரு மணி நேரம் போல முழங்கினோம். காற்று, இறக்கை, எடை, சமநிலை. முடித்ததும் கேப்டன் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க படிக்கும்போது பிளேன் பண்ணியிருக்கீங்களா மேடம்?"

"பண்ணோம். ஒண்ணு."

"பறந்துச்சா?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். "நல்லா ஓடுச்சுமா" என்றான் அவன். "தரையில."

அவர்கள் சிரிக்கவில்லை. மரியாதையான பிள்ளைகள். பைலட்டுக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்து வெளியே போய்விட்டான்.

போட்டியின் விதிகள் எளிதுதான். பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்று. சின்ன ஓடுபாதையில் ஓடி எழும்ப வேண்டும், மைதானத்தைச் சுற்றி வந்து அதே பாதையில் இறங்க வேண்டும். வயிற்றில் இரும்புத் தகடுகளைச் சுமக்க வேண்டும். எவ்வளவு சுமக்கும் என்று அணியே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொன்னதைத் தூக்காவிட்டால் அந்தச் சுற்றுக்கு மதிப்பெண் இல்லை.

இதில் நண்பனும் நானும் சண்டை போட என்ன இருக்கிறது என்று தோன்றும். வால் இருந்தது. எனக்கு வழக்கமான வால் வேண்டும். படுக்கையாக ஒரு பலகை, நிமிர்ந்து ஒரு பலகை, எல்லா விமானத்துக்கும் இருப்பது போல. அவனுக்கு ஆங்கில 'வி' எழுத்து மாதிரி விரிந்த வால் வேண்டும். எடை குறையும் என்றான். அடக்க முடியாது என்றேன். பார்க்க அழகு என்றான். நாம் அனுப்புவது அழகுப் போட்டிக்கு இல்லை என்றேன். வாரா வாரம் சனிக்கிழமை இதே கச்சேரி. நாங்கள் கரும்பலகையில் ஆளுக்கொரு பக்கம் வரைந்துகொண்டிருப்போம். பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்களை நிறுத்த ஒரு வழியை அவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். நண்பன் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டான். கல்லூரிக்கு வந்தாலும் பையில் டிபன் டப்பா இருக்கும். வாக்குவாதம் சூடாகும்போது பைலட் ஜன்னல் பக்கம் போய் நின்று, "சார், வெயில் இறங்கிக்கினு இருக்குது" என்பான். நண்பன் பாதி வாக்கியத்தில் சாக்கட்டியை வைத்துவிட்டு டப்பாவைத் திறப்பான். வாயில் சப்பாத்தி இருந்தால் வாலைப் பற்றிப் பேச முடியாது. மழைக்கால மேகத்தில் ஒரு நாள் நான்கு மணிக்கே அவனைச் சாப்பிட வைத்துவிட்டார்கள்.

இறக்கையை ஒட்டும் வேலை முதலில் பைலட் வீட்டில் நடந்தது. தறி இருக்கும் நீளமான கூடம். அவ்வளவு நீள இடம் வேறு யார் வீட்டிலும் இல்லை. அவன் அம்மா ஒரு நாள் பொறுத்துக்கொண்டார். மறுநாள் தேய்த்த கட்டைத் தூள் நெசவுப் பாவு நூலில் விழுந்ததைப் பார்த்தார். தறியில் இருந்தது யாரோ ஒரு கல்யாணப் பொண்ணுக்கான முகூர்த்தச் சேலை. அவர் சத்தம் போடவில்லை. இறக்கையைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, காபி கொடுத்து எங்களையும் அதே வாசலுக்கு அனுப்பிவைத்தார். அதன்பின் இறக்கை என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. பசை காயும்வரை நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் கணவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, இது எப்போது பறந்து போகும் என்று மட்டும் கேட்டார்.

வால் விஷயத்துக்கு கேப்டன் ஒரு முடிவு கண்டாள். இரண்டு வாலையும் செய்துவிட்டாள். திருகைக் கழற்றி ஒன்றை எடுத்து இன்னொன்றை மாட்டலாம். அவர்களுக்குள் அவற்றுக்கு 'சார் வால்', 'மேடம் வால்' என்று பெயர். நண்பனுக்கும் எனக்கும் ஒரே சந்தோஷம். தன் வால்தான் ஜெயிக்கப்போகிறது என்று ஆளுக்கு ஆள் நம்பியதால் சண்டைகூடக் கொஞ்ச நாள் ஓய்ந்தது.

ஊருக்கு வெளியே பாதி வற்றிய ஏரி ஒன்றில் சோதனை பார்த்தோம். சார் வால் மாட்டிப் பறந்தபோது விமானம் பின்புறத்தை ஆட்டிக்கொண்டே போனது. மேடம் வாலோடு டவுன் பஸ் மாதிரி நிதானமாகப் போனது. என் சந்தோஷம் முகத்தில் தெரிந்திருக்கும். காற்று மாறிவிட்டது, மறுபடி தன் வாலை மாட்டிப் பார்க்க வேண்டும் என்றான் நண்பன். மாட்டினார்கள். அப்புறம் நான் ஒரு தடவை கேட்டேன். கழற்றி மாட்டினார்கள். அடுத்த வாரமும் இதேதான். போட்டிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, மேடம் வாலோடு மேலே போன விமானம் திரும்பும் இடத்தில் மூக்கைக் கீழே குத்தி, ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரில் போய் விழுந்தது. அங்கே எருமைகள் கிடந்தன. ஒன்று மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

பைலட் முழங்கால் சேற்றில் இறங்கி அதைத் தூக்கி வந்தான். ஒரு பக்க இறக்கை மடிந்திருந்தது. நண்பன் துக்க முகத்தோடு என் பக்கம் வந்து, "உன் வால்தான்" என்றான். நான் பேட்டரியைச் சொன்னேன். அவன் வாலுக்கே திரும்பினான். நனைந்த விமானம் எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் கிடந்தது. கேப்டன் குனிந்து அதன் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்களும் சாரும் வராம இருந்தா நல்லாருக்கும்."

அவள் என்னிடம் "சரிங்க மேடம்" என்பதை விட்டு மறுத்துப் பேசியது அதுதான் முதல்.

எங்களுக்குக் கோபம் வந்தது. எத்தனை சனிக்கிழமை, எவ்வளவு பெட்ரோல், என் சாப்பாட்டு மேசை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி நாற்பது வயதுகூட ஆகாத இரண்டு பேர் பேசக்கூடாததையெல்லாம் பேசினோம். இனி கூப்பிட்டாலும் போவதில்லை என்று முடிவாயிற்று. அடுத்த சனிக்கிழமை வந்தது. நான் அலமாரியைச் சுத்தம் செய்தேன். அதற்குமேல் வீட்டில் வேலை இல்லை. மதியம் நண்பன் போன் செய்தான். வீட்டில் படிக்கும் காலத்து உதிரி புரொப்பல்லர்கள் கிடக்கின்றன, அவர்களுக்கு உபயோகப்படும், கொடுத்துவிட்டு வந்துவிடலாம், உள்ளேகூடப் போக வேண்டாம் என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் செருப்பை மாட்டிவிட்டேன்.

கல்லூரி வாசலில் காவலாளி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நெளிந்தார்.

"கோச்சிக்காதீங்க மேடம். உங்க ரெண்டு பேரையும் உள்ள விட வேணாம்னு பசங்க சொல்லிக்கினு போயிருக்காங்க."

புரொப்பல்லர் பையை அவர் கையில் கொடுத்தோம். நண்பன் தூரத்துப் பட்டறைக் கட்டடத்தை எக்கிப் பார்த்தான். ஏதோ அறுக்கும் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தமும் கேட்டது. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

போட்டிக்கு முன்னால் கேப்டனே கூப்பிட்டாள். வேனில் இடம் இருக்கிறது, இரண்டு பேரும் வர வேண்டும் என்றாள். சென்னைக்குத் தெற்கே ஒரு கல்லூரி மைதானம். போய் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோதுதான் விமானத்தைப் பார்த்தோம். இறக்கை புதிது. வால் சாருடையதும் இல்லை, மேடமுடையதும் இல்லை. படுக்கையாக ஒரு பலகை, அதன் இரண்டு முனையிலும் காது மாதிரி நிமிர்ந்த சின்னத் துண்டுகள்.

"இது யாரோட வால்?" என்று கேட்டேன்.

"எங்களோடது மேடம்" என்றான் பைலட்.

வழிகாட்டிகள் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பேசக் கூடாது, சைகை கூடாது. எங்களை நன்றாகத் தெரிந்த யாரோ எழுதிய விதி போல இருந்தது. உள்ளே இரண்டு நடுவர்கள் கேப்டனிடம் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் சுருக்கமாகப் பதில் சொன்னாள். சோதனையில் விமானம் விழுந்ததா, ஏன் விழுந்தது என்று ஒருவர் கேட்டார்.

"வால் மேல தப்பில்ல சார். அடிக்கடி கழட்டி மாட்டுனதுல திருகு ஓட்டை தேஞ்சு பெரிசாயிடுச்சு. பறக்கும்போது வால் ஆடிடுச்சு."

"அதனாலதான் இப்ப நிரந்தரமா ஒட்டிட்டீங்களா?"

"ஆமா சார். ஒட்டிட்டா யாரும் மாத்தச் சொல்ல முடியாது."

நடுவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கயிற்றின் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்தார். நண்பன் தன் ஷூ லேசைக் குனிந்து கட்ட ஆரம்பித்தான். நான் மட்டும் நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது.

முதல் சுற்று குறைந்த எடையோடு ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது சுற்றுக்கு அவள் சொன்ன எடை எங்கள் கணக்கைவிடக் குறைவு. நண்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஏற்றலாமே என்று முனகினான். எங்களுக்கு முன்னால் போன அணி நிறைய ஏற்றியிருந்தது. அந்த விமானம் பாதை முடியும்வரை ஓடிப் புல்லுக்குள் போய் நின்றது. அந்தப் பிள்ளைகளின் வழிகாட்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நண்பன் கயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

எங்களுடையது ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பாதையின் கடைசியில், இனி இல்லை என்று நான் நினைத்தபோது சக்கரம் தரையை விட்டது. மெல்ல மேலே போனது. திரும்பும் இடத்தில் இந்தத் தடவை மூக்கு இறங்கவில்லை. பைலட்டின் முகம் தூங்குகிறவன் முகம் மாதிரி இருந்தது, கட்டைவிரல்கள் மட்டும் அசைந்தன. சுற்றி வந்து இறங்கும்போது ஒரு குதி குதித்தது. ஒரு சக்கரம் கழன்று தனியாக உருண்டு நடுவர் மேசைவரை போய் விழுந்தது. விமானம் கோட்டுக்குள் நின்றது. நான் நண்பனின் கையை எவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தேன் என்று அவன் விடுவித்துக்கொண்டு தேய்த்தபோதுதான் தெரிந்தது.

பரிசு முதல் மூன்று அணிகளுக்கு. எங்களுக்கு நான்காவது இடம். கேப்டனுக்கு ஆறுதலாகச் சொல்ல ஒரு சின்ன உரையை மனதில் தயார் செய்துகொண்டு போனேன். தோல்வி என்று ஆரம்பித்ததுமே அவள் குறுக்கிட்டாள். "மேடம், பசிக்குது. மொதல்ல சாப்பிடலாமா?" உரை அப்படியே என்னிடம் நின்றுபோயிற்று.

திரும்பி வரும்போது ஒரகடம் தாண்டியதும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நண்பன் உட்பட. கேப்டன் மட்டும் என் பக்கத்தில் விழித்திருந்தாள். இறக்கை எங்கள் இருவர் மடியிலும் கிடந்தது. வராதீர்கள் என்று சொன்னது மனதை வருத்தியதா என்று கேட்டாள். கொஞ்சம், என்றேன்.

"நீங்க வந்திருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே நாள்ல சரி பண்ணிக் கொடுத்திருப்பீங்க மேடம். ஏன் விழுந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாமயே போயிருக்கும்."

அதில் ஒரு நாள் என்பதைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருந்தது. எங்களால் ஒரு நாளில் முடிந்திருக்காது. வால் பற்றியே ஒரு வாரம் பேசியிருப்போம். ஒன்றை மட்டும் கேட்டேன். எடையைக் குறைத்துச் சொல்ல எப்படித் தோன்றியது? தண்ணீரில் ஊறிய மோட்டார் பழைய பலத்தோடு இழுக்கவில்லை, அளந்து பார்த்தோம் என்றாள். நானும் நண்பனும் அந்த மோட்டார் நனைந்ததையே நினைக்கவில்லை.

வாலாஜாபாத்தில் இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் அப்பா மெயின் ரோட்டில் மொபெட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அரிசி மில்லில் லாரி ஓட்டுகிறவர். கல்லூரிக்கு ஒரு வாரம் லீவு. விமானம் இறங்கிக் குதித்ததில் விரிசல் விட்ட இறக்கையை அவள் வீட்டில் வைத்துச் சரிசெய்வதாக இருந்தது. அதை ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினோம். அவர் இரண்டு கையாலும் ஏந்தி வாங்கிக்கொண்டார்.

"பறந்துச்சாமா?"

"பறந்துச்சுபா."

எனக்கு ஒரு வணக்கம் சொன்னார். மகள் பின்னால் உட்கார்ந்து இறக்கையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியதும் காற்று இறக்கைக்குக் கீழே புகுந்து ஒரு பக்கம் தூக்கியது. அவள் அவசரமாக இரண்டு கையாலும் அழுத்தினாள். அவர் வேகத்தைக் குறைத்தார். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த பஸ்ஸுக்குக்கூட வழி விடாமல், ரோட்டின் நடுவில் நடக்கிற வேகத்தில் அப்பாவும் மகளும் போய்க்கொண்டிருந்தார்கள்.