ஆளுக்கொரு விளக்கு

வயரை வெட்டியது பெரிய மாப்பிள்ளைதான் என்று அடித்துச் சொல்கிறவர்கள், எந்த வயர், எந்த இடத்தில் வெட்டு என்று காட்டிவிட்டுப் பேசட்டும். மாமனாரின் அந்தக் காரில் வெட்டுப்பட்ட வயர் அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. மாமனார் அவர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார் என்பதும் பொய். அந்த மனுஷர் ஈயைக்கூடக் கையால் தள்ளமாட்டார், துண்டால் விசிறிவிட்டு நகர்ந்து உட்காருவார். பொறாமை இருந்ததா என்றால் இருந்தது. நிறையவே இருந்தது. யார் இல்லை என்றார்கள்? வயிறு எரிந்தவன் எல்லாம் வயரை வெட்டுவானா?

பெரிய மாப்பிள்ளை அந்தக் கார் பட்டறைக்கு மாப்பிள்ளையாக வரவில்லை, எலக்ட்ரீசியனாக வந்தார். இன்ஜின் வேலை முதலாளியுடையது. விளக்கு, ஹாரன், வயரிங் எல்லாம் இவருடையது. கண்ணை மூடிக்கொண்டு வயர்க் கட்டின் மேல் விரலை ஓட்டுவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். கோளாறு அங்கேதான் இருக்கும். அந்தக் கையைப் பார்த்துத்தான் முதலாளி மூத்த மகளைக் கொடுத்தார். பட்டறைக்கு மேல் மாடியிலேயே மனைவி, பிள்ளை என்று குடும்பம். கீழே யார் வந்து என்ன கேட்டாலும், இவரைக் காட்டி, "பெரியவரைக் கேளுங்க" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

பிறகு இளையவளுக்குக் கல்யாணம் ஆனது. சின்ன மாப்பிள்ளை பெரிய ஷோரூம் ஒன்றில் கார் விளக்கு வேலையே பார்த்தவர். ஷோரூமை மூடிவிட்டார்கள். "நம்ம பட்டறை இருக்கும்போது என்ன" என்று மாமனார் கூப்பிட்டுக்கொண்டார். வந்த முதல் நாளே சின்னவர் பையிலிருந்து கறுப்புக் கையுறையை எடுத்து, ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டினார். பெரியவர் அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். அன்றைக்கு உள்ளே போன முள் அது.

அதன் பிறகு எல்லாம் குத்தியது. சின்னவருக்கு டீ முதலில் வந்தால் குத்தியது. தனக்கு முதலில் வந்தால், ஆறியதைத் தனக்குத் தந்துவிட்டுச் சின்னவருக்குச் சூடாகக் கொடுக்கிறார்கள் என்று குத்தியது. வாடிக்கைக்காரர் ஒருவர் வாசலில் நின்று, "அந்தக் கையுறை போட்ட தம்பி இல்லையா?" என்று கேட்டபோது, "நானும் தம்பிதான், என்ன வேணும்?" என்று நரைத்த மீசையோடு சொன்னார். நசுங்கிய தகடு தட்டும் டிங்கர் வேலைக்காரர் சிரிப்பை அடக்கக் கதவுக்குப் பின்னால் போக வேண்டியதாயிற்று. யாருக்கும் தெரியாமல் ஒரு ஜோடி கையுறை வாங்கிப் போட்டும் பார்த்தார். விரலுக்கு எதுவும் தெரியவில்லை, குருடாகிவிட்டது போல இருந்தது. கழற்றி வீசிவிட்டார்.

"ஏங்க, அவரு பாட்டுக்கு அவரு வேலையப் பாக்குறாரு. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வரல. எல்லாம் அவனுக்குத்தானே வருது."

இதில் மாமனாரின் தப்பு என்று ஒன்று உண்டென்றால், அவர் தராசு மாதிரி மனுஷர். மூத்தவளுக்குக் கட்டில் வாங்கினால் இளையவளுக்கும் அதே கட்டில், அதே நிறம். பழத்தை நறுக்கினால் இரண்டு துண்டையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைப்பார். இரண்டு பெண் பெற்றவருக்கு அது நல்ல குணம்தான். ஆனால் அதையே கொண்டுபோய்க் காரில் வைத்தார்.

ஊர் ஊராகப் போய்ப் பழுது பார்த்துவிட்டு வர மாமனார் தனக்கென்று ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். பட்டறையின் பெயரையே கதவில் எழுதிய கார். வண்டியைக் கிளப்பினால் பகலிலும் தானாக எரியுமே, முன்பக்கம் இரண்டு சின்ன விளக்கு, அது இரண்டும் கிழங்கு வேகவைத்த தண்ணீர் நிறத்தில் மங்கிக் கிடந்தன. பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போட வேண்டும். யாரிடம் சொல்வது? பட்டறையே காத்திருந்தது. விளக்கு என்றால் பெரியவர் என்பது நிற்குமா போகுமா என்பது அதில் இருந்தது. பெரியவர் சட்டைக் கையைக்கூட மடித்துவிட்டுக்கொண்டார்.

மாமனார் நடுவில் நின்று சொன்னார்: "வலப்பக்கம் சின்ன மாப்பிள்ள போடட்டும். இடப்பக்கம் நீங்க போடுங்க. அவங்கவங்க பல்பை அவங்கவங்களே வாங்கிக்குங்க. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

ஒரே முகத்தில் இருக்கிற இரண்டு கண்ணை இரண்டு வைத்தியரிடம் கொடுக்கிற ஆளை எங்கேயாவது பார்த்ததுண்டா?

அந்தக் காரில் வலப்பக்கம் விசாலம், கை தாராளமாகப் போகும். இடப்பக்கம் பேட்டரி அடைத்துக்கொண்டிருக்கும், மணிக்கட்டை மடக்கித்தான் நுழைக்க வேண்டும்.

"எனக்கு எதுக்கு மாமா இந்தப் பக்கம்?"

"பெரியவர் நீங்க. கஷ்டமான பக்கம் உங்க கைக்குத்தானே அடங்கும்."

மாமனார் பெருமையாகத்தான் சொன்னார். இவர் காதில் அது வேறாக விழுந்தது. பேட்டரி இருக்கிற பக்கம் எனக்கு, திறந்த வீடு அவனுக்கு.

இருவரும் பானெட்டுக்குள் தலையை விட்டார்கள். பெரியவரின் கை இங்கே, காது அங்கே. சின்னவர் ஹோல்டரைத் திருகுகிற சத்தம் கேட்டது. பழைய பல்பு கழன்று வருகிற சத்தம் கேட்டது. ஏதோ முணுமுணுத்துச் சிரிக்கிற சத்தமும் கேட்டது, அல்லது கேட்ட மாதிரி இருந்தது. அவசரமாகத் தன் பல்பைச் செருகி, ஹோல்டரைத் திருகி, மணிக்கட்டு சிராய்க்கக் கையை உருவினார்.

"கிளப்புங்க" என்றார் மாமனார்.

டிங்கர் சாவியைத் திருப்பினார். வலப்பக்கம் பளிச்சென்று எரிந்தது. "அடேயப்பா" என்றது பட்டறை. இடப்பக்கம் இருட்டு.

அப்போதுதான் அந்த வார்த்தை வெளியே வந்தது. நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், வந்தது பெரியவர் வாயிலிருந்து.

"வயர வெட்டியிருக்காங்க."

"யாரு?"

"யாருன்னு நான் சொல்லணுமா? நேத்து வரைக்கும் எரிஞ்ச விளக்கு. என் பக்கம் எரியக் கூடாதுன்னு யாருக்கு இருக்கோ அவங்க." பேசினது மாமனாரிடம், பார்வை கையுறை மேல்.

தெருவில் போன நாலு பேர் காதில் விழுந்தது இந்த வயர் பேச்சு மட்டும்தான். வெட்டியதாக அவர் சொன்னது, அவர் வெட்டியதாக மாறித் தெருமுனை போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான் அந்தக் கதை.

சின்னவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பெரியவர் பிழைத்திருப்பார். மெல்லிய குரலில், "அண்ணே, ஒரு தடவ திருப்பிப் போட்டுப் பாருங்களேன்" என்றார்.

எல்இடி பல்புக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. பழைய பல்பு போல எப்படிச் செருகினாலும் எரியாது. எரியவில்லை என்றால் உருவி, மறுபக்கமாகத் திருப்பிச் செருக வேண்டும். பட்டறையில் காரைக் கழுவுகிறவருக்கும் அது தெரியும், ஏனென்றால் சொல்லிக் கொடுத்தவரே பெரியவர்தான். பெரியவர் மறுபடி கையை நுழைத்தார், உருவினார், திருப்பினார், செருகினார். எரிந்தது.

எரிந்தும் விடியவில்லை. வலப்பக்கம் பால் வெள்ளை, இடப்பக்கம் நீலம் கலந்த வெள்ளை. ஆளுக்கொரு கடையில் வாங்கிய பல்பு வேறு எப்படி இருக்கும்?

டிங்கருக்கு வாய் சும்மா இருக்காது. "முதலாளி, உங்க வண்டிக்கு மாறுகண்ணு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், சின்னவரைத் தவிர. சின்னவர் சிரிக்காததுதான் பெரியவருக்கு இன்னும் எரிந்தது.

மாமனார் தாடையைத் தடவினார். "ஜோடியா இருக்கட்டும். சின்ன மாப்பிள்ளகிட்ட இன்னொரு பல்பு இருக்காம், அதையே அந்தப் பக்கமும் போட்டுடலாம். மாப்பிள்ள, உங்களோடத கழட்டிக் கொடுத்துருங்க."

பெரியவர் கழற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, காலையில் பாதியில் விட்ட இன்னொரு காரின் ஹாரனை முடித்தார். அதை இரண்டு தரம் அழுத்தியும் பார்த்தார். பிறகு தன் டெஸ்ட் லேம்ப்பையும் கட்டிங் பிளேயரையும் துணியில் சுருட்டிக்கொண்டு மாடி ஏறினார்.

மாமனார் பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"உங்களுக்கு என்ன கொற வச்சேன் மாப்பிள்ள? ரெண்டு பேருக்கும் ஒண்ணு போலத்தானே செஞ்சேன்?"

"அதான் மாமா."

"எது?"

"ஒண்ணு போல செஞ்சீங்களே, அதான். அவரு நேத்து வந்தவரு. நான் இந்தப் பட்டறைத் தாழ்வாரத்துக்கு ஓடு மாத்தினப்ப ஏணி பிடிச்சவன். எனக்கு ஒரு பிடி கூடத்தான் வேணும். அத வாயத் திறந்து கேக்கவும் முடியல, கேக்காம இருக்கவும் முடியல."

அந்தக் கிழவருக்கு அது புரியவே இல்லை. இரண்டு கையையும் தராசுத் தட்டு போல வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இவரும் அவரைக் குறை சொல்லவில்லை. பொறாமையோடு இந்த வீட்டில் உட்கார்ந்தால் இன்றைக்கு வாய் சொன்னதை நாளைக்குக் கை செய்துவிடும் என்று மட்டும் சொன்னார். வெட்டுகிற ஆளா இப்படிச் சொல்வான்?

மனைவி அழவில்லை. பையில் அவர் சட்டைகளை மடித்து வைத்தாள். "இடம் பாத்துட்டுச் சொல்லி அனுப்புங்க, நானும் பிள்ளையும் வந்துர்றோம்" என்றாள். விட்டுவிட்டு ஓடினார் என்று யாராவது சொன்னால் அதையும் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.

படி இறங்கி வாசல்வரை வந்தவர், கதவில் கை வைத்தபடி நின்று, கூடவே இறங்கி வந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"மாடியிலேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"பாத்தேன்."

"எந்தப் பக்கம் நல்லா இருந்துச்சு?"

அவள் பொய் சொல்கிற ரகம் இல்லை. "அவரு போட்டது கண்ணுக்குக் குளுமையா இருந்துச்சு. உங்களோடது நீலமாத் தெரிஞ்சுச்சு."

"நீலம்தான் தூரத்துலேருந்து தெரியும்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தார்.