சுவர் விடாத புகை

முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற அன்றே சிகரெட்டையும் விட்டார். அதன் பிறகு மூன்று வருடமாக ஒன்றைக்கூடத் தொடவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அச்சகத்தில் மையையும் மண்ணெண்ணெயையும் முகர்ந்தே உடம்பைக் கெடுத்துக்கொண்ட அக்கா அவரோடு தங்க வந்தாள். இப்போது அவளுக்கு எந்த வாசனையும் ஆகாது. கூடத்தில் கால் வைத்தவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே திரும்பிவிட்டாள்.

“நான் விட்டு மூணு வருஷம் ஆச்சுக்கா.”

“நீ விட்டுட்டடா தம்பி. சுவரு இன்னும் விடல.”

எல்லாம் மனப்பிரமை என்று அவருக்குக் கோபம் வந்தது. அதை நிரூபித்துக் காட்டவே வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்துச் சுவரை ஓர் இழுப்பு இழுத்தார். துணி தேநீர் வடிகட்டியதுபோல் பழுப்பாக வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

“பெயிண்ட் அடிச்சுடலாமா?”

“அப்புறம் அந்த வாசனைக்கு நான் எங்க போறது?”

ஆக, கழுவுவதுதான் வழி. திரைகளும் மெத்தையும் வெளியே போயின. சலவை சோடா கரைத்த வெந்நீரில் சுவர், கூரை, மின்விசிறி இறக்கை, கதவின் மேல்விளிம்பு, பல்பு என்று ஒன்றையும் விடாமல் துடைத்தார். ஓர் அறை முடிந்ததும் அக்கா வந்து சற்று நேரம் உட்கார்ந்து பார்ப்பாள். பெரும்பாலும் இருமிக்கொண்டே எழுந்து போவாள். அவர் மறுபடி வாளியைத் தூக்குவார்.

கழுவாமலே அவளுக்கு ஒத்துக்கொண்டது சமையலறை ஒன்றுதான்.

“இங்க மட்டும் எப்படி?” என்றார்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள்: “கதவைச் சாத்திக்கிட்டுத்தானே இருவது வருஷமா இங்க படுக்கிறேன்.”

“காத்து வருதுன்னுல்ல சொன்ன?”

“தலைவலின்னும்தான் சொன்னேன். சிரிச்சீங்க.”

அன்று சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் அவர் வரவில்லை. படுக்கையறைச் சுவரை மூன்றாம் முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாளியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆறு வாரத்தில் சின்ன அறை அக்காவுக்குப் பழகிவிட்டது. கூடம் மட்டும் மசியவில்லை. வெயில் ஏறினால் சுவர் பழைய புகையைக் கக்குகிறது. அந்த நேரத்துக்கு ஜன்னல்களைத் திறந்துபோட்டுவிட்டு மூவரும் சமையலறையில் ஒதுங்குகிறார்கள். அங்கே நாற்காலி இரண்டுக்குத்தான் இடம். அவர் தரையில் உட்கார்ந்துகொள்கிறார்.