டைட்டில் இல்லாத தியாகி

கல்கத்தாவில் குடும்பப் பெயருக்கு ‘டைட்டில்’ என்று பேர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும் சரி, காஸ் கனெக்‌ஷனுக்குப் போனாலும் சரி, பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி, “டைட்டில்?” எங்களுக்கு அது கிடையாது. அப்பா பெயர் முன்னால், நம் பெயர் பின்னால், அவ்வளவுதான். இதை விளக்கி விளக்கியே லேக் மார்க்கெட் தமிழர்களுக்கு வாய் வலித்துப்போயிருக்கிறது. என் பெரியப்பா விஷயத்தில் அந்த ஒரு வார்த்தை அடித்த கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெரியப்பா உலகப் போர் சமயத்தில் பினாங்கில் வேலையாக இருந்தவர். அங்கே வெள்ளைக்காரனை எதிர்த்துத் திரண்டவர்களோடு சேர்ந்து, ஒற்றராகப் பயிற்சி எடுத்து, நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இந்தியக் கரையில் இறங்கினார். பிடிபட்டார். இந்த ஊர்ச் சிறையிலேயே தூக்கில் போட்டார்கள். இங்கே டல்ஹௌசி ஆபீஸ் பேட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த என் தாத்தா, மகன் பிடிபட்ட சேதி வந்த அன்றே தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, தனக்கு அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்று சொல்லிவிட்டார். அப்புறம் வீட்டில் யாரும் பெரியப்பா பேச்சை எடுத்ததில்லை. அவருடைய தங்கை, அதாவது என் அத்தை மட்டும், யாரும் இல்லாத நேரம் பார்த்து எனக்குச் சொல்வாள்.

அத்தைக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. அண்ணா பெயரைக் கல்லில் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். பேங்க் வேலையிலிருந்து ரிடையரான நான் வீட்டில் சும்மாதானே இருக்கிறேன், மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு பெங்காலியில் சொன்னார், “தீதி, உங்க குடும்பத்துல ஒருத்தர் பேர் ஏற்கெனவே சுவத்துல இருக்கே.”

போய்ப் பார்த்தேன். தூக்கிலிடப்பட்டவர்களுக்காகச் சிறை வாசலில் எழுப்பிய சுவர். அங்கே ‘ஷஹீத்’, அதாவது தியாகி, என்ற அடைமொழியோடு ஜம்மென்று இருந்தது என் தாத்தாவின் பெயர். முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று யாரோ எடுத்துக்கொண்டு, பின்னால் இருப்பது எந்த டைட்டிலிலும் சேராததால் பெரியப்பாவின் பெயரை விட்டுவிட்டிருக்கிறார்கள். துரைக்குக் கிறிஸ்துமஸ் தவறாமல் கேக் வாங்கிப் போன தாத்தா, கடைசி நாள் வரை டிகிரி காபி குடித்துவிட்டுக் கட்டிலில் போய்ச் சேர்ந்த தாத்தா, தியாகிகள் நடுவில் நிற்கிறார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பற்றிக்கொண்டு வந்தது.

அதிகாரி நல்ல மனிதர். தப்பை ஒப்புக்கொண்டார். “டைட்டில் இல்லேங்கறீங்க. அப்பா பேரை எடுத்துட்டு, அவர் பேரை மட்டும் செதுக்கிடலாமா?” என்று கேட்டார். எனக்குப் பரம திருப்தி. பிள்ளையைத் தலைமுழுகிய மனுஷனுக்கு அந்தக் கல்லில் என்ன வேலை? வீட்டுக்கு வந்து அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன்.

அத்தை சந்தோஷப்படவில்லை. “அப்பா பேர் அங்க எப்படிடி போச்சு?” என்றாள்.

“கோர்ட்ல பெரியப்பா சொன்னதத்தான் எழுதிண்டிருப்பா அத்தை. வேற யாருக்குத் தெரியும்?”

“அப்போ சொல்லியிருக்கான்.” கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பிடிச்சவா கேட்டப்போ, ஜட்ஜ் கேட்டப்போ, எல்லார்கிட்டயும் அப்பா பேரச் சேத்துத்தான் சொல்லியிருக்கான். அப்பாதான்டி அவனத் தலைமுழுகினார். அவன் முழுகலயே. ரெண்டு பேரும் இருக்கட்டும்.”

தப்பு என்று நான் கொதித்த அந்தக் கல்தான், பெரியப்பா கடைசி வரை யாருடைய பிள்ளையாக நின்றார் என்பதற்குச் சாட்சி. மறுநாளே போய், எதையும் எடுக்க வேண்டாம், பின்னால் விட்டுப்போன பெயரைச் சேர்த்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு பெயரையும் சேர்த்துச் செதுக்கிய புதுக் கல்லைத் திறந்த அன்று அத்தை பட்டுப்புடவையில் சக்கர நாற்காலியில் வந்தாள். ஆபீஸ்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், எங்கள் தெருக்காரர்கள் என்று நல்ல கூட்டம். ஒரு நிருபர் பெண் குனிந்து, பாட்டி முறை வைத்து, “தீதா, இதுல டைட்டில் எது?” என்று பெங்காலியில் கேட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்த அத்தை சுத்தமான பெங்காலியில் பதில் சொன்னாள், “டைட்டில்தான் முதல்லயே போட்டிருக்காங்களே, ஷஹீத்னு.”

பெரியவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவள். அப்பா பெயரையோ அண்ணா பெயரையோ அவள் உச்சரித்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு நாற்காலியைக் கல்லுக்குப் பக்கத்தில் தள்ளச் சொன்னாள். எழுத்தின் மேல் விரலை வைத்து, இரண்டு பெயரையும் சேர்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.