திருப்புளி கழற்றிக் கொடுத்த கோட்டு

வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை அக்கா மூன்று முறை படித்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்புதான். ஆனால் ஒரு காற்புள்ளியைக்கூட விட மாட்டாள்.

விஷயம் இதுதான். தங்கை பதினோரு வருடமாக ஒரு ஆடைக் கம்பெனிக்குத் தையல் மெஷின் பழுது பார்க்கிறாள். தன்னைத் தனி ஒப்பந்தக்காரி என்று சொல்லித் தன் வரியைத் தானே கட்டி வருகிறாள். ஆனால் பார்க்கப்போனால் அவள் அந்தக் கம்பெனியின் ஊழியர் போலத்தான் தெரிகிறது. ஆகவே கம்பெனிக்கு நேரில் வந்து விசாரிப்போம். ஒருமுறை அவளுக்குப் பதிலாக வேலை செய்தவரும் அன்று இருக்க வேண்டும்.

பதிலாக வேலை செய்தவர் அக்காவேதான். தங்கைக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தபோது பத்தொன்பது நாள் போனாள். அதற்கு முன்னால் இரண்டு மாதம், கூடத்தில் ஒரு பழைய மெஷினைப் போட்டு, தங்கை அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"ஊழியர்னு சொல்லிட்டா என்னடி ஆகும்?"

"மேனேஜர் சொல்லிட்டார்க்கா. பதினோரு வருஷத்து வரியும் அபராதமும் கம்பெனி தலையில விழும். அப்புறம் ஒண்ணு நான் உள்ள போய் ஒன்பதுலேர்ந்து ஆறு வரைக்கும் உக்காரணும். இல்லேன்னா அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கக்கூடாது."

"உள்ளயே போயிடேன். மாசச் சம்பளத்தை யாராவது வேண்டாம்பாங்களா?"

இதை அக்கா கேட்பது நூறாவது தடவை. கம்பெனியும் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டது.

"அந்த ஆறு கடைக்கு யாரு போவா?" என்றாள் தங்கை.

ஆறு சின்னத் தையல் கடைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மெஷின், மிஞ்சினால் மூன்று. ஒரு மெஷின் நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நிற்கும். சொந்தமாக மெக்கானிக் வைத்துக்கொள்ள அவர்களுக்கு வழி கிடையாது. ஆனால் அக்காவின் மனசுக்குள், இவளுக்குத் தலைக்கனம்தான் என்ற பழைய எண்ணம் அப்படியே இருந்தது.

விசாரணை நாளன்று கம்பெனி வாசலில் வாட்ச்மேன் விறைப்பாக எழுந்து நின்றார்.

"யாரும்மா நீங்க? யாரைப் பார்க்கணும்?"

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணே, நேத்துதானே பேத்திக்குப் பல்லு முளைச்ச கதையை அரை மணி நேரம் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசும்மா," என்று வாட்ச்மேன் பல்லைக் கடித்தார். "உன்னைத் தெரியாத மாதிரி இருக்கணும்னு மேனேஜர் உத்தரவு."

உள்ளே போனால் எல்லாரிடமும் அதே கூத்து. பதினோரு வருடமாக 'திருப்புளி, இங்க வாடி' என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்ட தையல்காரிகள் குனிந்த தலை நிமிரவில்லை. லைன் சூப்பர்வைசர் அம்மாள் கைகூப்பி, "வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றாள். அவள் வாயில் 'மேடம்' சுடுசோறு மாதிரி உருண்டது.

வரி அதிகாரி நடுத்தர வயதுப் பெண். காதில் பென்சில், கையில் தடித்த நோட்டு. யாரோடும் பேசாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள், சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். 'நம் குடும்பம்' என்று தலைப்பு. எல்லாரும் நீலக் கோட்டில். நட்டநடுவில், பல் தெரியச் சிரித்தபடி, அதே நீலக் கோட்டில் தங்கை.

"இவங்களை இங்க யாருக்கும் அவ்வளவாத் தெரியாதுன்னு வாசல்லயே சொன்னீங்களே?" என்று பின்னாலேயே வந்த மேனேஜரைக் கேட்டாள்.

மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. தீர்ந்தது கதை என்று அக்கா நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து நாலாவது லைனில் மெஷின் நின்றது. சூப்பர்வைசர் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "மேடம், தையல் விட்டு விட்டு விழுது மேடம்! சாயங்காலம் லாரி வருது, கொஞ்சம் வந்து பாருங்க மேடம்!"

தங்கை மணி பார்த்தாள். "இப்ப முடியாதுங்க. பதினோரு மணிக்கு இன்னொரு கடையில வரேன்னு சொல்லியிருக்கேன். ரெண்டு மணிக்கு வரேன்."

அக்கா தங்கையின் முழங்கையைக் கிள்ளினாள். ஒரு நாளைக்காவது வளைந்து கொடுத்தால் என்ன?

சூப்பர்வைசருக்கு அவ்வளவுதான் பொறுமை. 'மேடம்' போன இடம் தெரியவில்லை.

"பாத்தீங்களா அதிகாரியம்மா! பதினோரு வருஷமா இவ இப்படித்தான்! நாங்க கெஞ்சணும், இவ நேரம் சொல்லணும். ஒன்பது மணிக்கு வாடின்னா, மெஷின் கெட்டாத்தான் வருவேன்னுவா. கம்பெனி ஸ்டூல் குடுத்தா உக்கார மாட்டா. தன் ஸ்டூலு, தன் விளக்கு, தன் எண்ணெய்க் குப்பி! இவ திருப்புளியைத் தொட்டா கொலை விழும். எல்லாருக்கும் போடுற சாப்பாட்டை ஒரு நாள் தின்னிருக்காளா? கேளுங்க!"

அதிகாரி காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். "சொல்லுங்க."

"உடம்பு முடியலைன்னா எங்களைக் கேட்டாளா? இவளா ஒரு ஆளை அனுப்பினா. அதோ நிக்கிறாங்களே, இவ அக்கா. அவங்க ஒரு ஆணியைக் கழட்டினாலும் நோட்டுல எழுதிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாங்க. பத்தொன்பது நாளும் எங்க உயிரு போச்சு!"

"அவங்களுக்குச் சம்பளம் கம்பெனி கொடுத்ததா?"

"நாங்க எதுக்குக் குடுக்கணும்? அது அவங்க அக்கா தங்கச்சி சமாச்சாரம்."

பென்சில் ஓடியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு புகாரும் நோட்டில் ஒரு வரியாக இறங்கியது. ஒவ்வொரு வரிக்கும் அதிகாரியின் முகம் தளர்ந்தது. அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. இந்தம்மாள் திட்டவில்லை, தங்கை கம்பெனி ஆள் இல்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

இதே புகார்களை அக்காவும் வீட்டில் சொல்லியிருக்கிறாள், வார்த்தை மாறாமல். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். யாரும் பார்க்காத இடத்தில், யாரும் கேட்காமல், பதினோரு வருடமாக ஒருத்தி ஒவ்வொரு திருகாக முடுக்கி வைத்திருக்கிறாள். ஒன்றுகூடத் தளரவில்லை.

"அப்போ இந்தக் கோட்டு?" அதிகாரி படத்தைக் காட்டினாள்.

சூப்பர்வைசரின் குரல் இறங்கிப்போனது. "நாங்க பொண்ணுங்க சேர்ந்து ஆசையாத் தைச்சோம். பையில 'திருப்புளி'ன்னு பேரு போட்டோம். படம் எடுத்ததும் கழட்டிக் குடுத்துட்டா." அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். முதல் மடிப்புக்கூடக் கலையாத நீலக் கோட்டு. முதுகில் பெரிதாகக் கம்பெனிப் பெயர்.

தங்கை அதைத் தொடவில்லை. "எடுத்துட்டுப் போயிருந்தா தினமும் போட்டுக்கத் தோணும்," என்றாள். "அவ்வளவு பிடிச்சிருந்தது." சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பதினோரு மணிக் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

அதிகாரி போகவில்லை. ரெண்டு மணி வரைக்கும் நாலாவது லைன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அக்காவும் உட்கார்ந்திருந்தாள், வாசலையே பார்த்தபடி.

ரெண்டடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது தங்கை நுழைந்தாள். தன் ஸ்டூலைப் போட்டாள், தன் விளக்கை மாட்டினாள். மெஷினை ஓட்டவில்லை. பக்கச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக் கண்ணை மூடிக் கேட்டாள். ஊசி மேலேறும்போது அடியிலுள்ள கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும். மயிரிழை பிந்தினாலும் தையல் விட்டுப்போகும். அந்த மயிரிழை அவள் காதுக்குக் கேட்டது. ஒரு திருகைத் தளர்த்தி, விரல் நுனியால் கொக்கியை நகர்த்தி, மறுபடி முடுக்கினாள். துணியில் தையல் எறும்பு வரிசையாக ஓடியது. சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

"போன வாரம் நான் முடுக்கினதுதான், சரியா முடுக்கல," என்றாள் தங்கை. "என் தப்பு. இதுக்குக் காசு கிடையாது."

அதிகாரி அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டாள். நோட்டை மூடும்போது, "எனக்குத் தெரிஞ்ச முதலாளிங்களே இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல," என்றாள்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இவர் ஊழியர் அல்லர், சுயமாகத் தொழில் செய்பவர் என்று இருந்தது. அக்கா அதை மூன்று முறை படித்துவிட்டு, நான்காம் முறை அடுத்த வீட்டுக்காரிக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்.

அந்த வாரமே வாட்ச்மேன் ஒரு பையோடு வீடு தேடி வந்தார். உள்ளே அந்த நீலக் கோட்டு. முதுகில் கம்பெனிப் பெயர் இல்லை. ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்திருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகள் மட்டும் தெரிந்தன. கோட்டுப் பையில் தைத்த 'திருப்புளி' என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

"சூப்பர்வைசர் அம்மா குடுத்துவிட்டாங்க," என்றார் வாட்ச்மேன். "இப்பவும் கழட்டிக் குடுத்தா கையை ஒடிப்பேன்னு சொல்லச் சொன்னாங்க."

தங்கை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். முதுகுப்பக்கம் அவளுக்குத் தெரியாது. அக்கா பின்னால் நின்று அந்தத் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தங்கையின் ஸ்டூலைத் தூக்கிப் பஸ் நிறுத்தம் வரை தானே சுமந்து சென்றாள்.