பெட்டியைத் திறந்த கை

லா ஷப்பலில் குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்கும் சோஃபாஜ் போட்டால் எங்கள் வீட்டில் உதடு வெடிக்கும். சீனாவில் புளிக்கவைத்து வட்டு வட்டாக அழுத்திய தேயிலைக்கும் அந்த வறண்ட சூடு ஆகாது. ஈரம் போய்விட்டால் அது முதிராமல் வெறும் சருகாகிவிடும். என் வட்டுகளை ஒரு குளிர்ப்பெட்டியில், ஈரம் விடும் பொதிகளுடன் அடைத்து, வரவேற்பறைச் சோபாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். உள்ளே ஒரு சிறிய ஈரமானியும் உண்டு.

சனிக்கிழமைகளில்தான் பார்ப்பேன். கார்த்திகை தொடக்கம் முள் இறங்கியபடியே இருந்தது. தேயிலையில் புகை மணம் வேறு.

அந்தச் சோபாவில் படுப்பவன் மனைவியின் தம்பி. வேலை தேடி வந்தவன், பல்கனியில் சிகரெட் பிடிப்பவன். நான் ஒன்றும் கேட்கவில்லை. மூடியின் இடுக்கில் ஒரு வெள்ளை நூலை வைத்தேன். அடுத்த சனிக்கிழமை நூல் தரையில் கிடந்தது. அன்றே ரூ லூயி-பிளாங் தெருவில் தெரிந்த கடைக்காரரிடம், புறநகரான பொபினியில் ஓர் அறை கிடைக்குமா என்று விசாரித்தேன். அவனை அனுப்பிவிடுவதென்றே முடிவு.

அடுத்த வெள்ளிக்கிழமை ரயில்காரரின் கிறேவ், வேலைநிறுத்தம். அலுவலகத்திலிருந்து நேரத்தோடு வந்துவிட்டேன். வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. சோபாவுக்குப் பின்னால் மனைவி. ஒரு கையில் தூபக்கால், மறுகையில் என் பெட்டியின் மூடி.

"இஞ்சை என்ன செய்யிறீர்?"

"வெள்ளிக்கிழமை எல்லா மூலைக்கும் காட்டுறனான்தானே. நகைப் பெட்டியிலும் பாக்க இதைத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறியள். இதுக்கு மட்டும் காட்டாமல் விடுறதே?"

மூடியை அவள் கையிலிருந்து வாங்கிப் பெட்டியை மூடினேன். எத்தனை வெள்ளிக்கிழமைகளின் புகையை என் தேயிலை குடித்ததோ.

பழுதானதா என்று பார்க்க ஒரு வட்டை உடைத்துக் காய்ச்சினேன். அவள் தம்பிக்கும் ஒரு கோப்பை. அவன் ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தான்.

"அத்தான், கோயிலுக்குள்ளை நிண்டு குடிக்கிற மாதிரிக் கிடக்கு."

"பிடிக்கேல்லையோ?"

"இல்லை, நல்லாத்தான் கிடக்கு." கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டான். "பொபினியிலை அறை பாக்கிறியளாம். கடைக்கார அண்ணை சொன்னவர். ஆருக்கு அத்தான்?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒருத்தருக்கும் இல்லை," என்றேன். "ஆறப்போகுது, குடி."

அவன் குடித்தான். கண்ணை மட்டும் என் முகத்திலிருந்து எடுக்கவில்லை.