யூலாலி மூக்கைக் கட்டிக்கொண்டு போன விடுமுறை

கூயாவ் என்ற தீவுக் கடற்கரை ஊரில் மீன் நாற்றம் தெரியாமல் யாரும் பிறப்பதில்லை. கரை முழுக்க மீன் குடல் கிடக்கும். காற்றே செதிலோடுதான் வீசும். அந்த ஊரில், ஒரு மீன்காரி வயிற்றில், யூலாலி நோயல் பிறந்தாள். பிறந்தவள் அழவில்லை, மூக்கைச் சுளித்தாள். மருத்துவச்சி போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து தூக்கிய பிறகுதான் வாயைத் திறந்து அழுதாள் என்று அந்தத் தெருவில் இன்றும் சொல்வார்கள். நம்பாதவர்கள் மருத்துவச்சியையே கேட்டிருக்கலாம். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மலைக்கு அந்தப் பக்கம் யாராவது நேற்றைய மீனைப் பொரித்தால் இந்தப் பக்கம் யூலாலிக்குக் குமட்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், பாதிரியார் காலையில் என்ன தின்றார் என்று பின்வரிசையில் இருந்தே சொல்லிவிடுவாள். இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு எவனைக் கட்டுவது? முதலில் வந்தவன் வாயைத் திறந்து மென்றான். அடுத்தவன் கைக்குட்டையில் சிந்தி, சிந்தியதை விரித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்தான். மூன்றாமவன் நல்லவன்தான். ஆனால் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தை எச்சில் தொட்டுப் புரட்டினான். அந்தப் புத்தகம் அவளிடம் வந்தபோது அவள் வெளியே எழுந்து போனாள். அவன் வாழ்க்கையை விட்டும் போனாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலை, கடற்கரை விடுதி ஒன்றின் துணி வெளுக்கும் கூடம்.

கடற்கரை விடுமுறை என்றால் உலகத்துக்கு வெள்ளை மணலும் நீலத் தண்ணீரும். யூலாலிக்கு அது மறுநாள் காலையில் கூடைகூடையாக வரும் விரிப்பு. வெயிலுக்குப் பூசிய எண்ணெயின் மஞ்சள் உருவம், கை கால் விரித்தபடி ஒரு முழு மனிதனாக விரிப்பில் படுத்திருக்கும். இறால் வெண்ணெய் துடைத்த தலையணை உறை. இனிப்பு மதுவைக் குடித்தவர் அதைத் திரும்பக் கொடுத்த துண்டு. அதில் கோப்பையில் குத்தித் தருகிற காகிதக் குடைகூடச் சில நாள் இருக்கும். "இதுக்குத்தான் கப்பலேறி, விமானமேறி வர்றாங்க பாரு," என்பாள் பக்கத்தில் இஸ்திரி போடும் வெரோனாவிடம். வெரோனா வாயாடி, அழுக்கைப் பார்த்து அசருகிறவள் இல்லை. "எனக்கு ஒருத்தன் டிக்கெட் போட்டுக் குடுத்தா நானும் போய்க் குடிச்சிட்டு எவ தலையணையிலயாவது வாந்தி எடுப்பேன்டி," என்பாள்.

ஆல்பான் வந்தது அந்தக் கூடத்தின் கொதிகலன் கெட்டுப்போன அன்று. பக்கத்துத் தீவான கரியாகூக்காரன், அங்கே போய்வரும் கப்பலில் இயந்திரம் பார்க்கிறவன், மனைவியை இழந்து வெகுகாலம் ஆனவன். கொதிகலனைச் சரிசெய்தான். பிறகு, அப்போதுதான் மடித்து வைத்திருந்த வெள்ளை விரிப்பில் கையைத் துடைத்தான்.

யூலாலி போட்ட கத்தலில் குளத்தில் நீந்திய விருந்தாளிகள் கரையேறிவிட்டார்கள். ஆல்பான் விரிப்பையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தான். "மிஸ் யூலாலி, என் கையில அழுக்கு இருக்குன்னு முப்பது வருசமா யாரும் சொன்னதில்ல. ரொம்ப நன்றி," என்றான். மறுநாள் விரிப்பைத் தானே துவைத்துக் கொண்டுவந்தான். அழுக்குப் போகவில்லை, இன்னும் கொஞ்சம் பரவியிருந்தது. அதை அவள் வெளியே எறியவில்லை என்பதை வெரோனா கவனித்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவன் கல்யாணத்துக்குக் கேட்டான்.

"உங்க கையால நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லையே," என்றாள்.

அந்தத் தீவுகளில் இது சின்னப் பேச்சில்லை. யார் பானை, யார் கரண்டி, யார் நகம் என்று தெரியாமல் எவரும் எவர் வீட்டிலும் சாப்பிடுவதில்லை. ஒருவர் பரிமாறிய தட்டை வாங்கி உண்டுவிட்டால், உயிரை அவர் கையில் கொடுத்ததாகத்தான் அர்த்தம். யூலாலி அதுவரை தன் அம்மா கையாலும் தன் கையாலும் தவிர வேறு யார் கையாலும் உண்டதில்லை. திருமண விருந்துக்குப் போனால்கூடப் பைக்குள் தன் ரொட்டி இருக்கும்.

"அப்ப ஆகஸ்ட் விடுமுறைக்கு எங்க தீவுக்கு வாங்க," என்றான் ஆல்பான். "கடலோரத்துல என் மாமன் மகன் வீடு காலியா கிடக்கு. நீங்க ஒரு துரும்பு அசைக்க வேணாம். நான் சமைக்கிறேன். சாப்பிடுங்க, குடிங்க, கால நீட்டிப் படுங்க. சாப்பிட முடிஞ்சா சரின்னு சொல்லுங்க. முடியலேன்னா அதே கப்பல்ல நானே கொண்டுவந்து விட்டுடுறேன்."

துணைக்கு வெரோனாவும் வருவதாக ஏற்பாடு. அன்றிலிருந்து இஸ்திரி மேசையில் விடுமுறைத் திட்டம் ஓடியது.

"நண்டு, இறால், சுட்ட மீன், தேங்காய்ப்பால்ல வெந்த ஆயில் டவுன்," என்று வெரோனா கனவு கண்டாள். "மணல்ல படுத்துக்கிட்டே ரம்."

"மணல்லயா? நாய் எங்க போகுதுன்னு நினைக்கிற?"

"சரி, ஊஞ்சல் வலையில படு."

"அதுல முன்னாடி எவன் படுத்தானோ. வேர்வை நூல்ல ஊறியிருக்கும்."

"கடல்ல குளிடி!"

"அத்தனை பேரும் அதுலதான் குளிக்கிறாங்க. குளிக்க மட்டுமா இறங்குறாங்க?"

"அடியே, நீ விடுமுறைக்குப் போறியா, பிரேதப் பரிசோதனைக்குப் போறியா?"

யூலாலியின் திட்டம் வேறு. சொந்தத் தலையணை, இரண்டு சோடி விரிப்பு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், சொந்தத் தட்டு, கோப்பை, கரண்டி. விருந்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பதால் கிறிஸ்துமஸுக்கு வந்த ரம் ஒரு புட்டி. கழிப்பறைக்கு, விடுதியில் பீப்பாயில் வரும் பைன் மர எண்ணெய் வாசக் கிருமிநாசினி இன்னொரு புட்டி. அதுவும் ரம் புட்டிதான். அந்தப் பக்கத்தில் மண்ணெண்ணெயில் இருந்து இருமல் கஷாயம் வரை எல்லாம் பழைய ரம் புட்டியில்தான் குடியிருக்கும். நிறமும் அதே பொன்னிறம். ரம் இருந்ததில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது, இன்னொன்றில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கரியாகூ போகும் வழியில், கடலுக்கடியில் ஓர் எரிமலை குமுறும் இடத்தில், கப்பல் ஆடும். அன்று ஆடவில்லை, குதித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குண்டுப் பெண்மணி "ஆண்டவரே" என்றாள். அடுத்த சொல்லுக்குப் பதில் பூசணிக் குழம்பு வந்தது. முழுக்க யூலாலியின் கூடைக்குள்.

"மன்னிச்சுக்கோம்மா," என்றாள் அந்தப் பெண்மணி வாயைத் துடைத்தபடி. "பூசணி நேத்துச் செஞ்சது."

"தெரியுது," என்றாள் யூலாலி, பற்களுக்கிடையில்.

கப்பல் கரையைத் தொட்டதும் துறைமுகக் குழாயடிக்குக் கூடையோடு ஓடினாள். சோப்பும் தூரிகையும் வைத்து ஒவ்வொரு பொருளாகத் தேய்த்தாள். தட்டைத் தேய்த்தாள், கரண்டியைத் தேய்த்தாள், புட்டிகளைத் தோல் உரியத் தேய்த்தாள். உரிந்தது ரம் புட்டியின் சீட்டு. ஈரக் காகிதம் விரலில் ஒட்ட, அதையும் பூசணி என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உதறினாள். இரண்டு புட்டியும் இப்போது ஒருதாய்ப் பிள்ளைகளாகக் கூடையில் கிடந்தன. ஆல்பான் கப்பலின் அடியில் இயந்திரத்தோடு இருந்தான், வெரோனா சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை.

கடலோர வீடு சுத்தமாகத்தான் இருந்தது. கடல்தான் இல்லை. அதன் இடத்தில் பழுப்புப் பாசி கிடந்தது, முழங்கால் உயரத்துக்கு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, வெயிலில் அவிந்துகொண்டு. ஒரு தீவு அளவு முட்டையை அழுகவைத்து உடைத்த மாதிரி நாற்றம். மேலே பறந்த கடற்பறவை ஒன்று பாதியில் திரும்பிப் போனதை வெரோனா சத்தியம் செய்து சொல்வாள்.

"போன வாரம் வரைக்கும் இல்ல," என்றான் ஆல்பான் தலையைச் சொறிந்தபடி. "நாத்தம் ரொம்ப அடிக்குதா? எனக்குத்தான் மூக்கு செத்துப்போச்சே. டீசல் தின்னுடுச்சு."

யூலாலி பதில் சொல்ல வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாற்றம் உள்ளே போய்விடும். பே என்னும் வாசனை இலையின் தைலத்தில் ஒரு கைக்குட்டையை நனைத்து, கொள்ளைக்காரியைப் போல மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறந்தது முதல் முதன்முறையாக அந்த மூக்குக்கு உலகம் தெரியாமல் போனது.

முற்றத்தில் மூன்று கல் வைத்து ஆல்பான் ஆயில் டவுன் சமைத்தான். அவள் பக்கத்திலேயே ஒரு பெட்டியில் உட்கார்ந்து காவல் காத்தாள். உப்புக்கண்டத்தை அடியில் போட்டான். ஈரப்பலாக்காயை வகிர்ந்து அடுக்கினான். மஞ்சள் கரைத்த தேங்காய்ப்பாலை ஊற்றினான். மாவு உருட்ட ஆரம்பித்தபோது அவள் எழுந்துவிட்டாள்.

"நகம்," என்றாள் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"நேத்தே வெட்டிட்டேன்."

"உள்ளங்கை ரேகையில கருப்பு."

"அது அழுக்கில்ல மிஸ் யூலாலி, அது என் விதி," என்றான் அவன். கேட்ட வெரோனா தண்ணீரைத் துப்பிச் சிரித்தாள். யூலாலி அந்தத் துப்பல் விழுந்த இடத்தைத் தாண்டி நகர்ந்து உட்கார்ந்தாள். உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ரேகைகளில் உருண்டு பானைக்குள் போயின. மேலே சேம்பிலையால் மூடி, கையால் அமுக்கினான். அதே கையால் நெற்றி வேர்வையையும் வழித்தான். இல்லை, இந்த மனிதன் கையால் முடியாது. திரும்பும் கப்பல் எப்போது என்று மனசுக்குள் பார்க்கத் தொடங்கிவிட்டாள். முடியாது என்று சொல்லுமுன் அவனுக்கு ஒரு கோப்பை ரம்மாவது கொடுத்துவிடலாம். பாவம், நல்லவன்.

கூடையில் கைவிட்டு, அகப்பட்ட புட்டியைத் திறந்து, பளபளக்கக் கழுவிய தன் சொந்தக் கோப்பையில் தாராளமாக ஊற்றினாள்.

"குடிங்க. சுத்தமான கோப்பை."

"முதல்ல அம்மாவுக்கு," என்றான் ஆல்பான். புதுப் புட்டி திறந்தால் முதல் சொட்டு செத்தவர்களுக்கு. மண்ணை நனைக்காமல் கரியாகூக்காரன் உதட்டை நனைக்க மாட்டான்.

"சும்மா மண்ணுல கொட்டி எறும்பக் கூப்பிடாதீங்க. ஒரே மடக்கு, குடிச்சிடுங்க!"

"உங்க மாமியார் ஆகப்போறவ. அவளுக்குக் குடுக்காம குடிச்சா ராத்திரி வந்து கால இழுப்பா." கோப்பையைச் சாய்த்தான்.

ஈர மண்ணில் விழுந்த பொன்னிறம் பாலாக வெளுத்தது. பிறகு நுரைத்தது. பக்கத்து வளையிலிருந்து ஒரு நண்டு வெளியே பாய்ந்து, நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடியது. மூக்கைப் பொத்தியிருந்த வெரோனா கையை எடுத்தாள்.

"அடியே யூலாலி! இது நம்ம கக்கூஸ் கழுவுற தண்ணிடி!"

ஆல்பான் கோப்பையைப் பார்த்தான்; அதில் இன்னும் முக்கால் பங்கு இருந்தது. மண்ணைப் பார்த்தான். "அம்மா துப்பிட்டா," என்றான் மெதுவாக. "உயிரோட இருக்கும்போதும் அப்படித்தான். சேரலேன்னா துப்பிடுவா."

யூலாலி கைக்குட்டையை அவிழ்த்தாள். தைலம் போனதும் எல்லாம் ஒன்றாக ஏறியது: பாசி, வேர்வை, பைன் எண்ணெய், பூசணியின் ஞாபகம். எல்லாவற்றையும்விட மோசமாகத் தன் கை நாறியது. தோல் சுருங்கும்வரை வாழ்நாளெல்லாம் கழுவிய கை. அந்தக் கையால் கொடுத்ததை வாங்கும்போது அவன் நகத்தைப் பார்த்தானா, முகர்ந்தானா, ஒன்றும் இல்லை.

"என் கையால நீங்க..." என்றாள்.

"நல்லவேளை, கோப்பை சுத்தமா இருந்துச்சு," என்றான் ஆல்பான்.

வெரோனா சிரித்துச் சிரித்துத் தரையில் விழுந்தாள். அவன் பானையைத் திறந்து, ஒரு தட்டில் எடுத்து நீட்டினான். கட்டைவிரல் குழம்புக்குள் முங்கியிருந்தது. யூலாலி அந்த விரலைப் பார்த்தாள்.

"தட்ட எதுல கழுவுனீங்க?"

"கடல்ல."

"இந்தக் கடல்லயா?"

"வேற கடல் இங்க இல்லையே."

தட்டை வாங்கினாள். கண்ணை மூடினாள். உருண்டையைப் பிட்டு வாயில் வைத்தாள். மென்றாள். பல்லில் மணல் நறநறத்தது. இன்னொரு வாய் வைத்தாள். தட்டு காலியாகும்வரை முகம் சுளித்தபடியே இருந்தது, கை நிற்கவில்லை.

பிறகு எழுந்து, கூடையிலிருந்த மற்றப் புட்டியைத் திறந்து, மூன்று முறை முகர்ந்தாள். சரியான ரம்தான். நண்டு ஓடிய இடத்துக்குப் போய்க் குனிந்து மண்ணில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"போதும், போதும்!" என்று அலறினான் ஆல்பான். "கெழவிக்கு ஏறிடும்!"

"வாய் கொப்பளிக்க வேணாமா அவங்க?" என்றாள் யூலாலி. மிச்சத்தை அவனிடம் நீட்டினாள். "உப்பு ஜாஸ்தி. உருண்டைய மாவாவே விட்டுட்ட. கல்யாணத்தன்னைக்கு நீ அடுப்புப் பக்கம் வந்தே, கையை உடைச்சிடுவேன். போ, போய் அந்த நகத்தைத் தேய்ச்சுக் கழுவு."