அரக்குப் பக்கம் நகர்ந்த பார்டர்

இந்தப் பேரண்டத்தில் லட்சம் கோடி விண்மீன் மண்டலங்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றிலும் கோடி கோடியாகச் சூரியன்கள். அத்தனையையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், சேலைக்கு ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுப்பதில் காரைக்குடி நாகஜோதிக்கு ஈடாக ஒரு ஜீவன் அகப்படாது. அப்படியே அகப்பட்டாலும், அது நாகஜோதியிடம் தொழில் கற்றுக்கொண்டு போனதாகத்தான் இருக்கும்.

நாகஜோதிக்கு நாற்பத்து நாலு வயது. படிப்பு எட்டாவது. தினமும் கோட்டையூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து, நூறடி ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு மேட்சிங் சென்டரில் நிற்பார். சுவர் முழுக்க முந்நூறு நிறத்தில் துணிச் சுருள். சேலையைப் பார்த்த மாத்திரத்தில் கை தானாகப் போய் ஒரு சுருளை உருவும். ஆனால் அங்கேயே வெட்டிக் கொடுத்துவிட மாட்டார். "டியூப்லைட்டு பொய் சொல்லும். எல்.இ.டி. அதையே சிரிச்சுக்கிட்டே சொல்லும். வெயிலுக்கு வாங்க" என்று வாசலுக்கு இழுத்துப் போய்விடுவார். கண்டரமாணிக்கத்திலிருந்து காரில் வந்த விசாலம் ஆச்சியைக்கூட விடவில்லை. "ஆச்சி, அங்குட்டு நிழல் விழுகுது, ரெண்டு எட்டு இங்குட்டு வாங்க" என்று இழுத்து இழுத்து நடுரோட்டில் நிறுத்திவிட்டார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. லாரிக்காரர் கடைசியில் இறங்கிவந்து, "அரக்குதான் பொருத்தம், அத வெட்டிக் குடுத்து அனுப்புங்க" என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் நாகஜோதி வெட்டிக் கொடுத்த ஒரு துணிகூட நிறம் சேரவில்லை என்று திரும்பி வந்ததில்லை. "ஒண்ணு திரும்பி வரட்டும், அன்னைக்கே கத்திரியக் கீழ வச்சுட்டு வீட்ல உக்காந்துருவேன்" என்று நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். வீட்டுக்காரர் வீரபாண்டியன் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறார். லீவு தீபாவளியிலிருந்து பொங்கலுக்கும், பொங்கலிலிருந்து பங்குனிக்கும் தள்ளிக்கொண்டே போகிறது. வீட்டில் உட்கார்ந்தால் பேச்சுத் துணைக்கு டிவி மட்டும்தான். கத்திரியைக் கீழே வைப்பது அவருக்குச் சின்ன விஷயமில்லை.

போன மாதம் அந்தக் கடைக்கு மீனலோசனி டீச்சர் வந்தார். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக. கூடவே தேவிகா என்று ஒரு பதினோராம் வகுப்பு மாணவி. அடக்கமும் அறிவும் சேர்ந்து அமைந்தவள். எந்த வம்புக்கும் போகாதவள்.

டீச்சர் ஒரு படத்தை மேசையில் விரித்தார். வானவில்லை இஸ்திரி போட்ட மாதிரி இரண்டு பட்டை. இரண்டிலும் குறுக்கே ஐந்து கறுப்புக் கோடு.

"மேல இருக்குறது சூரிய வெளிச்சத்தப் பிரிச்சது. கீழ இருக்குறது தூரத்து விண்மீன் மண்டலத்தோடது. இத அப்படியே ஆறடித் துணியில செஞ்சு தரணும்."

"கோடு என்னத்துக்கு டீச்சர்? பிரிண்டு அழிஞ்சிருச்சா?"

"இல்லம்மா. அங்க இருக்குற வாயு ஒவ்வொண்ணும் தனக்குன்னு உள்ள நிறத்த முழுங்கிரும். அந்த இடம் கறுப்பாத் தெரியும். எந்த நிறத்தக் காணோம்னு பாத்தே அங்க என்ன வாயு இருக்குன்னு சொல்லிரலாம்."

"அட, நம்ம கடை மாதிரிதான்! எந்தச் சுருள் காலியாயிருக்குன்னு பாத்தே எந்த ஊர்ல கல்யாணம்னு நான் சொல்லிருவேன்" என்ற நாகஜோதி, படத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலில் ஒரு நிமிஷம் பார்த்தார். "டீச்சர், ரெண்டும் ஒரே பார்டர்தானே? கீழ உள்ளது நாலு விரக்கடை அரக்குப் பக்கம் நகந்திருக்கு. கொஞ்சம் இழுபட்ட மாதிரியும் இருக்கு, ஈரத்துல முறுக்கிக் காயப்போட்ட துணியாட்டம்."

டீச்சர் படத்தையும் நாகஜோதியையும் மாறி மாறிப் பார்த்தார். இதே விஷயத்தை அவர் வகுப்பில் மூன்று நாள் நடத்தி, நாற்பது பேரில் ஒருத்திக்கும் விளங்கவில்லை. தேவிகாவுக்கு மட்டும் விளங்கியிருக்கும். அவள் அந்த மூன்று நாளும் லீவு.

"அதேதாம்மா! விண்வெளி விரியுது. அந்த மண்டலம் நம்மள விட்டுத் தள்ளிப் போகுது. வர்ற வழியில வெளிச்சமும் இழுபட்டு சிவப்புப் பக்கம் நகந்துருது. எவ்வளவு நகந்திருக்கோ, அவ்வளவு தூரத்துல இருக்கு. நாம டேப்ப எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதில்ல."

"எல்லாமே தள்ளித்தான் போகுதா டீச்சர்?"

"தூரத்துல இருக்குறது எல்லாம்."

"ஒண்ணாச்சும் இங்குட்டு வராதா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் மடித்து வைத்த துணியையே மறுபடி எடுத்து மடித்தார். தேவிகா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊதா, ஆனந்தா நீலம், ராமர் பச்சை, எலுமிச்சை மஞ்சள், மாம்பழ மஞ்சள், தக்காளிச் சிவப்பு, அரக்கு என்று சாட்டின் துணியில் வரிசையாக ஒட்டுப் போட்டு, சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும் மிஷினிலேயே கறுப்பு லேஸைப் பட்டைக்கு ஐந்து கோடாகத் தைத்துக் கொடுத்தார் நாகஜோதி. நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைவது போலவே இருந்தது.

கண்காட்சி சனிக்கிழமை. நாகஜோதி அரை நாள் லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்தார்.

அவர் வருவதற்கு முன், அன்று மதியச் சாப்பாட்டு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில், யாரோ ஒருவர் அந்தக் கீழ்ப் பட்டையில் கைவைத்திருக்கிறார். ஐந்து லேஸையும் பிரித்து, ஊதாப் பக்கமாக நகர்த்தி, கையால் தைத்து முடிக்க அவருக்கு இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. இடது கட்டைவிரலில் ஊசி மூன்று தடவை குத்தியது. புளிசாதம் அப்படியே கிடந்தது. அவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

விளக்கம் சொல்லும் பொறுப்பு தேவிகாவுக்கு. கூட்டம் சேர்ந்ததும் கணீரென்று ஆரம்பித்தாள். "கோடுகள் ஊதாப் பக்கம் நகர்ந்திருப்பதால், இந்த விண்மீன் மண்டலம் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது!"

முன்வரிசையில் இருந்த முத்துக்கருப்பன் எழுந்துவிட்டார். இளையாத்தங்குடியில் நிலம் வைத்திருப்பவர். பேத்தியைப் பார்க்க வந்தவர். "எங்குட்டு வந்து விழும்த்தா? எனக்கு அறுப்புக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு."

"எந்த வேகத்துல வருது?" என்றார் இன்னொருவர்.

"வெளிச்சம்னா, கண் இமைக்கிற நேரத்துல காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் ஐயாயிரம் தடவை போய்ட்டு வந்துரும். இது அவ்வளவு வேகம் இல்ல."

"டவுன் பஸ்ஸ விட வேகமா?"

"எல்லாமே டவுன் பஸ்ஸ விட வேகந்தான் ஐயா."

கூட்டம் சிரித்து அடங்குவதற்குள் மீனலோசனி டீச்சர் உள்ளே வந்தார். பட்டையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. நாற்பது பேர் முன்னால், "என்ன நாகஜோதிம்மா, மாத்தித் தச்சுட்டீகளே! இத எப்படி வைக்கிறது? திரும்ப எடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.

திரும்ப. அந்த ஒரு வார்த்தைதான். நாகஜோதி இடுப்புப் பையிலிருந்த கத்திரியை எடுத்து, சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். விளையாட்டுக்குச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. யாரோ ஒருவர் இடது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன் பழக்க தோஷத்தில் துணியை எடுத்துக்கொண்டு நாகஜோதி வாசலுக்குப் போனார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அப்படியே நின்றார்.

"டீச்சர். இங்குட்டு வாங்க."

அரக்குப் பக்கம், துணிக்குள்ளிருந்து பொட்டுப் பொட்டாக வெளிச்சம். ஐந்து வரிசை. சாட்டினில் ஒருதடவை ஊசி இறங்கினால் அந்த ஓட்டை மூடவே மூடாது.

"நான் தச்சது இது. மிஷின் தையல், நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கு. இப்ப லேசு இருக்குற இடத்தப் பாருங்க. குடிச்சவன் வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு." (அவ்வளவு மோசமில்லை.)

டீச்சர் ஓட்டைகளை எண்ணிப் பார்த்தார். படத்தோடு வைத்துப் பார்த்தார். பிறகு கத்திரியை எடுத்துவந்து அவரே நாகஜோதி கையில் கொடுத்தார். "மன்னிச்சுருங்கம்மா. நான்தான் டியூப்லைட்டுல பாத்துட்டேன்." கொஞ்சம் யோசித்து, "ஆனா நீங்க அன்னைக்குக் கேட்டீகள்ல, ஒண்ணு வருது. பக்கத்துல இருக்குற ஆண்ட்ரோமெடா. நெசமாவே ஊதாப் பக்கந்தான் நகந்திருக்கு. என்ன, நம்ம பக்கம் வர பல நூறு கோடி வருஷம் ஆகும்."

"பரவால்ல டீச்சர், வரட்டும். எங்க வீட்டுக்காரரு லீவுக்கு முன்னாடி வந்துரும்" என்றார் நாகஜோதி. அன்று முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

இவ்வளவையும் பள்ளி மலருக்காகத் தேவிகா எழுதி முடித்து, தகவல் சரியா என்று பார்க்க நோட்டைக் கடைக்குக் கொண்டுபோனாள். நாகஜோதி அதை வாசல் வெளிச்சத்தில் வைத்து, உதடு அசைய ஒரு வரி விடாமல் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. லாரிக்காரர் சொன்னது அரக்கு இல்ல, மெரூன். அவருக்கு வித்தியாசம் தெரியாது, நீ மாத்திக்க."

"சரிக்கா."

"அந்த யாரோ தச்சத, குடிச்சவன் போன மாதிரின்னு நான்தானே சொன்னேன். அவ்வளவு மோசமில்லைன்னு சொல்றது யாரு?"

"அது... பொதுவா ஒரு கருத்துக்கா."

"இருபத்திரண்டு நிமிஷமாம். பக்கத்துல உக்காந்து நீ கடிகாரம் புடிச்சியாக்கும்?"

தேவிகா நோட்டை வாங்க வலது கையை மட்டும் நீட்டினாள். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நாகஜோதி நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏத்தா. கட்டைவிரலோட வெயிலுக்கு வா."